அக்கா ஊட்டிய மாம்பழம்

1993-ம் வருடக் கோடை. கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம். எனக்கு அப்போது நாற்பது வயதுதான். ஒருநாள் காலை துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது வலது கை துவண்டு விழுந்தது, வாய் கோணியது. பக்கவாதம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது பேச்சு குழறியது. அதைவிடக் கொடுமை, எதையும் விழுங்க முடியவில்லை. மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு டியூப் போட்டிருந்தார்கள். கஞ்சி, பால், பருப்புத் தண்ணீர் எல்லாம் அதில்தான் இறங்கும். வயிறு நிறையும், நாக்குக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. பக்கத்து வீட்டு மீன் குழம்பு வாசனை வந்தால் எனக்கு அழுகையே வந்துவிடும்.

பல்லாவரத்திலிருந்து தினமும் ஒரு நர்ஸ் வருவார். என்னைவிடச் சின்னவர். டியூபில் எப்படி ஊற்றுவது என்று என் கணவருக்குச் சொல்லிக்கொடுத்தார். எனக்குக் குளிர்ந்த ஸ்பூனை நாக்கில் வைத்து விழுங்கப் பழக்கினார். அடுத்த முறை டாக்டர் பார்ப்பதற்குள் கொஞ்சமாவது விழுங்காவிட்டால், வயிற்றில் துளை போட்டு டியூப் வைக்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் என் அக்கா படப்பையிலிருந்து இளநீரோடு வந்து இறங்கினாள். கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார். நர்ஸ் பின்பக்கக் குழாயில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். "தொண்டை காஞ்சி கெடக்குதே, பாவம்" என்றபடி அக்கா ஒரு வாய் இளநீரை ஊற்றிவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு புரளவில்லை. புரையேறி மூச்சு அடைத்தது. கண் இருட்டியது. சத்தம் கேட்டு நர்ஸ் ஓடிவந்து, என்னை முன்னால் சாய்த்து முதுகில் தட்டினார். இருமி இருமித்தான் மூச்சு வந்தது.

நல்லவேளை, இளநீர் நுரையீரலுக்குள் போய்க் காய்ச்சல் எதுவும் வரவில்லை. ஆனால் அதன்பிறகு அக்கா என் முகத்தைப் பார்க்கக் கூசி, சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. நானும் பயத்தில் வாயை இறுக மூடிக்கொண்டேன். ஈர ஸ்பூனைப் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பினேன்.

டாக்டரிடம் போக வேண்டியதற்கு முதல் நாள். நர்ஸ் தன் பையிலிருந்து ஒரு பங்கனப்பள்ளி மாம்பழத்தை எடுத்தார். வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கியதாம். நார் இல்லாமல் மசித்து வடிகட்டினார். தண்ணீர் மாதிரி இருந்தால்தான் சட்டென்று புரையேறும், இது கெட்டியாக மெதுவாக இறங்கும் என்றார். நான் தலையை ஆட்டி மறுத்தேன். அவர் சற்று யோசித்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார்.

"பெரியக்கா, இங்க வாங்க. நீங்கதான் குடுக்கப் போறீங்க."

"ஐயோ, வேணாம் சிஸ்டர். நான் பண்ணது போதாதா?"

"அன்னிக்குத் தெரியாம பண்ணீங்க. இப்ப தெரிஞ்சிக்கினு பண்ணுங்க. நான் பக்கத்துலதானே இருக்கேன்."

முதலில் அக்காவையே சாப்பிட வைத்தார். நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைத் தாழ்த்தி, விழுங்கி, ஒருமுறை இருமி, பிறகு 'ஆ' என்று சொல்ல வேண்டும்; குரல் கரகரத்தால் ஏதோ தொண்டையில் தங்கிவிட்டது என்று அர்த்தம். அக்கா மாம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, பாட்டு வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி அத்தனை சிரத்தையாக 'ஆ' சொன்னாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கணவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு அக்கா அரை ஸ்பூனை என்னிடம் நீட்டினாள். நீட்டும்போதே நர்ஸை இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். எனக்கிருந்ததைவிட அவளுக்குத்தான் பயம் என்று அப்போதுதான் புரிந்தது. வாயைத் திறந்தேன்.

இனிப்பு! எத்தனை நாள் கழித்து! நர்ஸின் இரண்டு விரல்கள், விழுங்குவது தெரிய, என் கழுத்தின்மேல் இருந்தன. "தாடையைத் தாழ்த்துங்க. இப்ப முழுங்குங்க." விழுங்கினேன். இருமினேன். மூன்று பேரும் என் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றார்கள். "ஆ" என்றேன். கரகரப்பில்லாமல் சுத்தமாக வந்தது.

"எறங்கிடுச்சு" என்றார் நர்ஸ். கணவர் கிரிக்கெட் பார்ப்பவர் மாதிரி கை தட்டினார். நான் இன்னும் வேண்டும் என்று ஸ்பூனைக் காட்டினேன்.

"அடியே, இருடி" என்று அதட்டிய அக்கா, நர்ஸைப் பார்த்து, "இன்னொன்னு குடுக்கலாமா சிஸ்டர்?" என்றாள்.

மறுநாள் டாக்டர், வயிற்றில் டியூப் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். மூக்கு டியூபும் மழைக்காலத்துக்குள் போய்விட்டது. அதுவரை அக்கா ஊருக்கே போகாமல் எனக்கு ஊட்டினாள். பாசத்தில் தவறு செய்தவளைத் தள்ளிவைக்காமல், சரியாகச் செய்யச் சொல்லிக்கொடுத்து அவள் கையிலேயே என்னை ஒப்படைக்க அந்த நர்ஸுக்கு எவ்வளவு தைரியம் இருந்திருக்க வேண்டும் என்று இன்றும் வியந்துகொண்டிருக்கிறேன்.