பெயின்ட் ஷாப் பொன்வண்டு

பொன்வண்டுக்குப் பச்சை பெயின்ட் அடிப்பது மறைமலை நகரில்தான் என்று மூன்றாம் வகுப்பு வரைக்கும் நான் மனதார நம்பினேன். சிரிக்காதீர்கள். என் அப்பா வேலை பார்த்தது அங்கேதான், கார் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில். ஆயுத பூஜையன்று குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள். கொக்கியில் தொங்கிக்கொண்டு ஒரு பக்கம் மங்கலாகப் போகும் பம்பர், மறுபக்கம் பளபளவென்று வெளியே வருவதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்த கண்ணுக்குப் பொன்வண்டின் முதுகைக் காட்டி, இதுவும் எங்கள் டிபார்ட்மென்ட் வேலைதான் என்று அப்பா சொன்னால், ஏழு வயதில் நம்பாமல் என்ன செய்வது?

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். அம்மா மேடவாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், வீடு திரும்ப ஆறு மணி ஆகிவிடும். அப்பாவுக்கு முதல் ஷிப்ட். விடிவதற்குள் சீருடையைப் போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குப் போய்விடுவார். மாலையில் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூக்கம். அதனால் அப்பா என்றால் எனக்கு அதுவரைக்கும் ஒரு முதுகுதான். பள்ளிக்கூடம் விட்டதும் கீழ் வீட்டு அக்கா தன் பெண்ணோடு என்னையும் கூட்டி வந்துவிடுவார்.

அப்படிப்பட்ட அப்பா, நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு நாள் மூன்று மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்றார். மறுநாளும் நின்றார். அதன் பிறகு தினமும். ஷிப்ட் இப்போது சீக்கிரம் முடிகிறது, பாப்பாவை இனிமேல் நானே கூட்டிக்கொள்கிறேன் என்று கீழ் வீட்டில் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு ஒரே பெருமை. இப்பவாவது பெண் ஞாபகம் வந்ததே என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள்.

பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் அப்போது நிறைய காலி மனைகள். எல்லைக்கல் மட்டும் நட்டுவிட்டு, வீடு கட்டாமல் போட்டிருந்த இடங்கள். கருவேலமும் கொன்றையும் ஆளுயரத்துக்கு வளர்ந்து கிடக்கும். நேராக வீட்டுக்குப் போகாமல் அங்கே உட்காருவோம். அப்பா செய்தித்தாளை விரித்து டிபன் பாக்ஸைத் திறப்பார். கம்பெனியில் சாப்பிட நேரமில்லை என்பார். ஆறிப்போன புளிசாதத்தில் பாதி எனக்கு. சாப்பிட்டு முடித்ததும் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி வெளியே வரும். அந்தத் தீப்பெட்டிக்காகத்தான் நான் காலையிலிருந்தே பள்ளிக்கூடத்தில் நெளிந்துகொண்டிருப்பேன்.

உள்ளே கொன்றை இலையோடு ஒரு பொன்வண்டு. சில நாள் இரண்டு. என் உள்ளங்கையில் விட்டால் அது நகத்தால் பிராண்டிக்கொண்டு நடக்கும், எனக்கு முதுகெலும்பு வரைக்கும் கூசும். "இன்னைக்குக் காலையில அடிச்ச பெயின்ட் பாப்பா, பார்த்துப் பிடி, கையில ஒட்டிக்கும்" என்பார் அப்பா. நானும் ஒவ்வொரு முறையும் விரலைப் பாவாடையில் துடைத்துப் பார்ப்பேன்.

அந்த மனையையே அவர் கம்பெனியாக்கிவிட்டார். எதிரும் புதிருமாக வரும் எறும்புகள் மூஞ்சியோடு மூஞ்சி முட்டிக்கொண்டால் அது ஷிப்ட் மாறுவதற்குக் கார்டு பஞ்ச் பண்ணுவது. கும்பிடுபூச்சி, பெரிய மேனேஜர் வரும்போது கை கட்டி நிற்கிற சூப்பர்வைசர். வெட்டுக்கிளி, லேட்டாக வந்து காம்பவுண்டு ஏறிக் குதிக்கிற கேஷுவல் ஆள். தட்டான் வாலில் நூல் கட்ட மட்டும் விடமாட்டார். ஆனால் ஒரு தட்டானைப் பிடிக்க முழங்கால் தேய இரண்டு பேரும் தவழ்ந்திருக்கிறோம், அது கடைசி நொடியில் பறந்ததும் அவர் முகத்தில் அடித்த ஏமாற்றம் என்னுடையதைவிடப் பெரியது. பூச்சிகளைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று இப்போது தெரிகிறது. இரண்டு பேரும் ஒரே அளவுக்கு மக்கு, அதனால்தான் அத்தனை சந்தோஷம். ஐந்தரைக்கு, "ஷிப்ட் முடிஞ்சுது, எல்லாரையும் வீட்டுக்கு விடு" என்பார். தீப்பெட்டியைத் திறந்து கிளையில் வைத்துவிட்டுக் கிளம்புவோம்.

ஐயோ, அந்த நாட்கள்.

குழந்தைக்கு ஆசை அடங்குமா? தினமும் பச்சை, பச்சை, பச்சை. எனக்குச் சிவப்பு வேண்டியிருந்தது. ஆயுத பூஜையில் சிவப்பு பம்பர் பார்த்தவள் நான், பெயின்ட் இருக்கிறது என்று தெரியும். கேட்டபோதெல்லாம் "சிவப்பு இன்னும் லைன்ல ஏறல பாப்பா" என்றார். ஒரு வாரம் பொறுத்தேன், பத்து நாள் பொறுத்தேன். இவரிடம் கேட்டுப் பயனில்லை, மேலே சொல்லவேண்டும் என்று முடிவு செய்தேன்.

வாய்ப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. தாம்பரம் மார்க்கெட்டில் மூன்று பேரும் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தோம். அப்பாவோடு அதே பெயின்ட் ஷாப்பில் வேலை பார்த்தவர் எதிரே வந்தார். ஆயுத பூஜையில் எனக்குப் பொரி அள்ளிக் கொடுத்தவர், நன்றாக ஞாபகம் இருந்தது. எனக்கு அவர்தான் மேலிடம். அவர் குனிந்து என் கன்னத்தைக் கிள்ளினார். அப்பா வணக்கம் வைத்துவிட்டு என்னை இழுத்தார். நான் காலை ஊன்றிக்கொண்டு என் கோரிக்கையை வைத்தேன்.

"அங்கிள், பச்சை வண்டு நிறைய ஆயிடுச்சு. நாளைக்கு அப்பாகிட்ட ஒரு சிவப்பு அடிச்சுக் குடுத்து அனுப்புங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்தார். "இன்னா பாப்பா, எந்த வண்டு? கம்பெனி மூடியே ரெண்டு மாசம் ஆவுதே, அப்பா சொல்லல?" என்றார். சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் தனக்கு வேலை இருக்கிறது என்று ஏதோ முனகிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார்.

அப்பா கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. சொத்தையா என்று ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கூடையில் போட்டார். அம்மா முருங்கைக்காய் வாங்கினாள், பேரம்கூடப் பேசவில்லை. பஸ்ஸில் நான் நடுவில் உட்கார்ந்து வந்தேன்.

வீட்டில் சண்டை நடக்கவில்லை. நடந்திருந்தால் எனக்கு ஏதாவது புரிந்திருக்கும். அம்மா காய்களை முறத்தில் கொட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ரெண்டு மாசமா நாலு மணிக்கு எழுந்து நான் யாருக்குச் சமைச்சேன்?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டேன். சிவப்பு கேட்டது தப்பு, மேலிடத்தில் புகார் செய்தது அதைவிடத் தப்பு, அதனால்தான் அப்பாவைக் கம்பெனியில் ஏதோ செய்துவிட்டார்கள் என்பது என் கணக்கு.

மறுநாள் மூன்று மணிக்கு வாசலில் கீழ் வீட்டு அக்காதான் நின்றார். அடுத்த மாதமே அப்பா புனேக்குப் போய்விட்டார், அங்கே ஒரு கம்பெனியில் இடம் கிடைத்திருந்தது. அம்மாவின் சம்பளத்தில் மட்டும் எத்தனை நாள் ஓட்டுவது? ஞாயிற்றுக்கிழமைகளில் கீழ் வீட்டு போனுக்குக் கூப்பிடுவார். முதல் ஞாயிறு என் முறை வந்ததும், ஒரு வாரமாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"சிவப்பு வேணாம்பா. பச்சையே போதும். வந்துடு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா காதில் வைத்தவள் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அவர் புனேயிலேயே பதினோரு வருடம் இருந்தார். வருடத்தில் மூன்று முறை வருவார், பொம்மை வாங்கி வருவார், வந்த களைப்பில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பார். நான் வளர்ந்துவிட்டேன், அவரிடம் என்ன பேசுவது என்று எனக்கும் தெரியவில்லை. அந்த மனைகளில் எல்லாம் அடுக்குமாடி வந்துவிட்டது. அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது.

போன மாதம் என் மகனைப் பூச்சிகளைத் தொட்டுப் பார்க்கிற ஒரு வகுப்பில் சேர்த்தேன், குழந்தைகளுக்கு விளையாட்டாகக் கற்றுக் கொடுக்கிறார்களாம். வீட்டுக்கு வந்து அதைப் பற்றி ஓயாமல் பேசினான். அவன் தூங்கின பிறகு நான் அம்மாவிடம் அந்த இரண்டு மாதத்தைப் பற்றி முதல்முறையாகக் கேட்டேன். கம்பெனி கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தைச் சம்பளம் என்று நீட்டியிருக்கிறார், சரி. விடியற்காலையில் கிளம்பிப் போன மனுஷன் பள்ளிக்கூடம் விடுகிற வரைக்கும் எங்கேதான் இருந்தார்?

எங்கே போவார், அந்த மனைகளில்தான் என்றாள் அம்மா. சீருடையோடு ரோட்டில் திரிந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள். புதருக்குள் உட்கார்ந்து எனக்காக வண்டு தேடிக்கொண்டிருந்திருக்கிறார். அத்தனை மணி நேரம் எப்படி இருந்தீர்கள் என்று அவள் ஒருமுறை கேட்டாளாம்.

"மூணு மணி வரைக்கும்தான் கஷ்டம், அப்புறம் அவ வந்துடுவான்னாரு."

நான் என்ன நினைத்திருந்தேன்? அப்பா வேலை முடித்து என்னைக் கூட்டிப்போக வருகிறார் என்று. பள்ளிக்கூட மணி அடித்ததும் ஓடி வந்து, அவர் முகத்தை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்காமல், தீப்பெட்டி எந்தப் பையில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன்.