மிக்கேல் சம்மனசின் ஈய அங்கி

எங்கள் கோவில் திருவிழா நாடகத்தில் எனக்கு மிக்கேல் சம்மனசு வேஷம். சாத்தானைக் காலால் மிதித்துக்கொண்டு நிற்கிற வானதூதர். பத்து வயதில் அதைவிடப் பெரிய பதவி என்ன இருக்கிறது? தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அட்டையில் செய்த கவசமோ நாடகத்துக்கு முதல் நாள் மழையில் நமுத்துக் கூழாகிவிட்டது. நான் அழுத அழுகையில் எங்கள் நெல்லித்தோப்பு ஊரே திரும்பிப் பார்த்திருக்கும்.

அம்மா கோரிமேட்டுப் பக்கம் ஒரு சின்ன எக்ஸ்ரே நிலையத்தில் படம் எடுக்கிற வேலை பார்த்தாள். கதிர் உடம்பில் படாமலிருக்க மாட்டிக்கொள்ளும் ஈய அங்கிகள் அங்கே இரண்டு இருந்தன. ஞாயிறு விடுமுறை என்பதால் முதலாளியிடம் கேட்டு ஒன்றை எடுத்துவந்தாள். நீல நிறம். அடேயப்பா, என்ன கனம்! தோளில் போட்டதும் கால் தள்ளாடியது.

"கழட்டுனதும் தொங்க வுட்டுடுடி. மடிச்சா உள்ள இருக்கிற ஈயம் கீறல் வுட்டுடும்," என்றாள். மாடு மாதிரி தலையாட்டினேன்.

மேடையில் வசனம் மறந்துபோனது. கைதட்டல் மட்டும் குறையவில்லை. இறங்கியதும் ஐஸ் வண்டி மணி கேட்டது. அங்கியை நாலாக மடித்துப் பையில் திணித்தேன். போதாக்குறைக்கு அந்தப் பைமேலேயே உட்கார்ந்து ஐஸ் தின்றேன்.

வீட்டில் அம்மா அதை விரித்துத் தடவிப் பார்த்தாள். "மடிச்சியா?"

"இல்லம்மா."

அந்த ஒரு பொய்க்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மறுநாள் பள்ளி விட்டு நிலையத்துக்குப் போனேன். அம்மா அங்கியை மேஜைமேல் பரப்பி அதையே படம் எடுத்துக்கொண்டிருந்தாள். "துணிக்கெல்லாமா எக்ஸ்ரே?" என்று சிரித்தேன். திரையில் வெள்ளையாகத் தெரிந்த அங்கியின் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு.

"சரியா வயித்துக்கு நேரா போயிருக்கு பாரு," என்றாள். திட்டவில்லை. முதலாளியிடம் போய், "நான்தான் சார், மறந்தாப்புல மடிச்சிட்டேன்," என்றாள். புதிது வர நாளாகும், அதுவரை நல்லதை மட்டும் வைத்துச் சமாளி என்று அவர் எரிந்துவிழுந்தார்.

அப்போது கை ஒடிந்த ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள் ஒருத்தி. அது மேஜைமேல் படுக்காமல் துள்ளியது. பெற்றவள் தோளைப் பிடிக்க வேண்டும், அம்மா காலைப் பிடிக்க வேண்டும், கூட வேலை பார்க்கும் அக்கா பொத்தானை அழுத்த வேண்டும். நல்ல அங்கியை அம்மா குழந்தையைப் பெற்றவளுக்கு மாட்டி, பட்டையை இழுத்துக் கட்டினாள். பிறகு ஆணியில் தொங்கிய நீல அங்கியை எடுத்துத் தான் போட்டுக்கொண்டாள்.

என் கவசம்! மிக்கேல் சம்மனசு போட்டதையே அம்மாவும் போட்டுக்கொள்கிறாள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வாசலில் நின்று கையாட்டினேன்.

"தள்ளிப் போயி நில்லுடி," என்று கதவைச் சாத்தினாள். சாத்தும்போது அவள் ஒரு கை வயிற்றின்மேல் இருந்தது. கொஞ்ச நாளாகவே காலையில் தின்றதையெல்லாம் வாந்தி எடுக்கிறாளே, பாவம், அம்மாவுக்குப் பசிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.