ஸ்பீக்கர் மியூட், என் வாய் அல்ல

ரேடியோ குரல் தேர்வுக்கு மனைவி பாடிய கேசட்டை இன்று மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். புதுக் கம்ப்யூட்டரில் பதிந்தால் துல்லியமாக இருக்கும் என்று அளந்தவன் நான்.

பாடினாள். ஓடவிட்டால் சத்தமே இல்லை. பக்கத்து ஊர் சேக்காட்டிலிருந்து நண்பன் பாபுவை வரவழைத்தேன்.

அவன் செட்டிங்கை நோண்ட, மனைவி காபி போடப் போனாள். நான் ரெக்கார்டைத் தட்டிவிட்டு, மைக்கைச் சோதிக்கிற சாக்கில், "இவ பாடினா ஆவடி ஃபேக்டரி டாங்கியெல்லாம் ரிவர்ஸ்ல ஓடும்டா" என்றேன்.

அவள் காபியோடு வந்த நேரம் பார்த்து பாபு கூவினான்: "மாமே, ரெக்கார்டு எல்லாம் ஆயிகினுதான் கீது! ஸ்பீக்கர்தான் மியூட்ல கீது!" மியூட் டிக்கை எடுத்துவிட்டு, கடைசிப் பதிவை ஓடவிட்டான்.

டாங்கி தெள்ளத்தெளிவாக ஓடியது. துல்லியத்தில் குறையே இல்லை.

அவள் பாட்டு கேசட்டில் ஏறி ரேடியோவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கூடவே பாபுவிடம் அவள் வைத்த வேண்டுகோள்: "அந்த டாங்கியைத் தனி கேசட்ல போட்டுக் குடுங்கண்ணா. ஞாயித்துக்கிழமை எங்கம்மா வராங்க."

மாமியார் காதுக்கு மியூட் டிக் எங்கே இருக்கிறது? தெரிந்தவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லவும்.