உப்புத் தூவிய விமானம்

மூச்சை அடக்கிக்கொண்டு, விமானி இருக்கைக்கு முன்னால் வேகம் காட்டும் வட்டத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வைக்கிறார், பொம்மை விமானம் கட்டியே பெயர் வாங்கிய பிளேன்காரர். முழு விமானமே விரித்த கையகலம்தான். அந்த வட்டம் கடுகளவு.

"மூச்சு விடுங்க, மூச்சு விடுங்க," என்று சமையலறையிலிருந்தே குரல் கொடுக்கிறார் மனைவி. "பொம்மைக்கு உயிர் குடுக்கறேன்னு இவரு உயிர விட்டுடுவாரு போல!"

பல் செட் செய்வது அவர் தொழில். ஊருக்கெல்லாம் சிரிப்பு செய்து கொடுத்து ஓய்ந்த மனிதர். அன்று பல் செதுக்கிய ஊசிகள் இன்று விமானத் தகடுகளின் இடுக்கில் கறுப்பு மை இறக்குகின்றன. மெழுகுவர்த்திச் சூட்டில் பிளாஸ்டிக் குச்சியை இளக்கி இழுத்தால் தலைமுடி போல ஏரியல் கம்பி கிடைத்துவிடும். சக்கரம் ஏதாவது கீழே உருண்டால் வீடே தவழ வேண்டும், விருந்தாளிக்கும் விலக்கில்லை.

உப்பு டப்பாவும் அடிக்கடி காணாமல் போகும். வெள்ளிப் பூச்சின் மேல் ஈரம் தொட்டு, உப்பைத் தூவி, அதன் மேல் பச்சை அடித்து, காய்ந்ததும் உப்பை உதிர்த்துவிடுவார். வருஷக்கணக்கில் உழைத்த இயந்திரம் போல அங்கங்கே வெள்ளி எட்டிப் பார்க்கும்.

போன மாதம் அவர் கட்டி முடித்தது அண்ணனுடைய விமானம். அண்ணன் அதை ஓட்டியவரல்ல, விமானப்படையில் அதைப் பராமரித்த மெக்கானிக். சின்ன வயதில் இவர் மொட்டைமாடியில் நின்று, தலைக்கு மேல் உறுமிப்போன ஒவ்வொன்றுக்கும் "அண்ணா!" என்று கையாட்டியவர். லீவில் வரும் அண்ணனின் சட்டையில் பெட்ரோல் வாசம் அடிக்கும். அதை முகர்ந்தபடியே பக்கத்தில் படுத்துத் தூங்கிப்போவார்.

விமானி ஏறி உட்கார்ந்ததும் முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டு விலகி நிற்பதுதான் தன் கடைசி வேலை என்று அண்ணன் அப்போது கதை சொல்வார். ஒருநாள் அந்த விமானம் போனது, திரும்பவில்லை. அதன்பிறகு அண்ணன் விமானப் பேச்சையே எடுத்ததில்லை. பொம்மையைப் பார்த்ததும் அந்த வாயிலிருந்து "இதுதான்டா" என்று ஒரு வார்த்தை வர வேண்டும். பிளேன்காரருக்கு வேறெதுவும் வேண்டாம்.

போன ஞாயிறு அண்ணன் வந்தார். அதே ரக விமானம் ஒன்றின் புகைப்படத்தைப் பார்த்துப் பார்த்துக் கரியும் எண்ணெய்க் கசிவும் தீட்டியிருந்த பொம்மையைத் தம்பி பெருமையாக நீட்டினார். அண்ணன் முகம் சுருங்கியது.

"என்னடா இவ்ளோ அழுக்கு? நான் என்ன தூங்கிட்டா இருந்தேன்? ஒரு பொட்டு எண்ணெய் ஒழுக விட்டிருப்பேனா?"

தம்பிக்கு முகம் செத்துப்போயிற்று. பஞ்சை டர்பன்டைனில் நனைத்து, வாரக்கணக்கில் வைத்த அழுக்கையெல்லாம் துடைக்க ஆரம்பித்தார். இடது இறக்கை உடலோடு சேரும் இடத்துக்கு வந்ததும் அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். உப்பு உதிர்ந்து வெள்ளி தெரிந்த இடம் அது.

"இத விட்டுடு. பைலட் சாரு பூட்ஸ் வச்சு ஏறுற எடம். எத்தன தடவ பெயின்ட் அடிச்சாலும் நிக்காது. அன்னைக்குக் காலைலயும் அடிச்சேன்டா. காயறதுக்குள்ள ஏறிட்டாரு."

அண்ணன் விமானத்தைக் கையில் வாங்கினார். முன்கண்ணாடியில் வாயால் ஊதி, சட்டை நுனியால் மெல்லத் துடைத்தார். அதை மேசைமேல் வைத்தார். பிறகு தம்பியின் தோளைப் பிடித்துத் தன்னோடு பின்னால் இழுத்துக்கொண்டு, விலகி நின்றார்.