லைசன்ஸுக்குப் போட்ட பூச்சரம்

பீடோங் சந்தைக்குப் பக்கத்தில், மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்தை ஒட்டி எங்கள் வடைக் கடை இருக்கிறது. கடை என்றால் நாலு காலும் ஒரு தகரக் கூரையும்தான். அதற்கு நகராண்மைக் கழகம் கொடுத்த லைசன்ஸ் என் பெயரில், என் படத்தோடு இருக்கிறது. சாப்பாட்டுக் கடைக்காரர்கள் கட்டாயம் போட வேண்டிய டைபாய்டு ஊசி போட்ட அன்றைக்கே எடுத்த படம் அது. கை வலி, காய்ச்சல் வந்துவிடுமோ என்ற யோசனை, சிரிக்கக் கூடாது என்று படக்கடைக்காரர் சொன்னது எல்லாம் சேர்ந்து, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டவன் மாதிரி அதில் இருப்பேன்.

நான் எட்டாவது வருஷத்தில், படிவம் இரண்டோடு, பள்ளிக்கூடத்தை விட்டவன். அரசாங்கக் கடிதம் எது வந்தாலும் முதலில் அது வேறு யாருக்காவது வந்ததா என்று பார்ப்பேன், அப்புறம்தான் பிரிப்பேன். கடை வைத்த நாளிலிருந்து, குடை மஞ்சள் கோட்டைத் தாண்டுகிறதா, கேஸ் குழாய் விரிசல் விட்டிருக்கிறதா, பெயர்ப் பலகையில் விதியை மீறி மலாய் எழுத்தைவிடத் தமிழ் எழுத்து பெரிதாகத் தெரிகிறதா என்று எட்ட நின்று பார்ப்பதே எனக்கு வேலை. பலகையை அளக்கத் தையல்கார அக்காவிடம் டேப் இரவல் வாங்கியிருக்கிறேன். யாருக்குச் சட்டை என்று கேட்டார். பலகைக்கு என்றேன். அதிலிருந்து என்னைப் பார்த்தால் அவருக்கு ஒரு சிரிப்பு.

என் மனைவிக்கு இந்த வியாதி இல்லை. லைசன்ஸ் கைக்கு வந்ததும் தங்க விளிம்பு வைத்த சட்டம் போட்டு, கடையில் சாமிப் படங்களின் வரிசையிலேயே மாட்டினாள். பிள்ளையார், முருகன், லட்சுமி, அடுத்தது நான். சோறு போடுகிற காகிதம் சாமி பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்றாள். ஆயுத பூசைக்கு வாணலி, கரண்டி, மாவு அரைக்கும் மெஷின், மோட்டார் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபோது லைசன்ஸையும் விடவில்லை. கண்ணாடியின் மேல், சரியாக என் நெற்றியில் ஒரு பொட்டு. வெள்ளிக்கிழமைகளில் சாமிக்குப் போட்டு மிஞ்சிய பூச்சரம் எனக்கு. கீழே ஒரு விளக்கு. எதெதற்கோ பயந்த எனக்கு இது மட்டும் உறைக்கவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நான் தேங்காய் வாங்கப் பக்கத்து ஊரான செமிலிங் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து நகராண்மைக் கழகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். இளம் வயது மலாய்க்காரர், இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர். லைசன்ஸ் எடுத்தவர் எங்கே என்று கேட்டிருக்கிறார். யார் பெயரில் லைசன்ஸோ அவர்தான் கடையில் நிற்க வேண்டும், துணைக்கு ஆள் வைத்தால் அந்த ஆளையும் பதிய வேண்டும் என்பது விதி. மனைவியை யாராவது துணையாள் என்று பதிவார்களா? நாங்கள் பதியவில்லை. அது அவளுக்கும் தெரியும். அதனால் வாயைத் திறக்காமல் நின்றாள். அடுப்பில் சட்னிக்குக் காய்ந்த மிளகாய் வறுபட்டுக்கொண்டிருந்தது. அந்த நெடியில் அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர்.

அதிகாரி அவளைப் பார்த்தார். மேலே பார்த்தார். பூ, பொட்டு, விளக்கு, நடுவில் நான். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, தணிந்த குரலில் மலாயில் ஆறுதல் சொல்லியிருக்கிறார். அந்த மலாயில் பாதிதான் புரிந்த இவளுக்கு, அதிகாரிகளில் இப்படி ஒரு மரியாதைக்காரரா என்று ஆச்சரியம். டீ கொடுத்திருக்கிறாள், அவர் குடிக்கவில்லை. எதையோ எழுதிக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

தேங்காய் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அந்த நோட்டீஸை நான்தான் படித்தேன். என் மலாய் மெதுவாகத்தான் ஓடும். லைசன்ஸ் எடுத்தவர் இறந்துவிட்டார், ஆகவே லைசன்ஸ் செல்லாது, வாரிசுகள் பதினான்கு நாளுக்குள் அலுவலகத்துக்கு வர வேண்டும், அதுவரை கடை திறக்கக் கூடாது. இரண்டாம் தடவை படித்தபோதும் நான் இறந்துதான் இருந்தேன்.

"என்னா எழுதியிருக்கு?" என்றாள்.

"நான் செத்துட்டேனாம்."

அவள் அடுப்பை அணைத்தாள். "சரி, மொதல்ல டீயக் குடிங்க. ஆறிப் போவுது."

எனக்கு டீ இறங்கவில்லை. எங்கள் இடத்துக்குக் காத்திருப்பவர்கள் பட்டியல் பெரியது. லைசன்ஸ் செத்தால் இடம் அடுத்தவருக்கு. கடை போனால் எங்களுக்கு வேறு வழி இல்லை. சரி, நேரே போய் உயிரோடு நிற்கலாம் என்றால், உயிரோடு இருந்தவர் அன்றைக்கு ஏன் கடையில் இல்லை, பதியாத ஆள் ஏன் வடை சுட்டது என்று கேட்பார்களே. செத்தாலும் கடை இல்லை, பிழைத்தாலும் அபராதச் சம்மன்.

யாராவது வழி சொல்லட்டும் என்று நோட்டீஸைப் படம் பிடித்துப் நாங்கள் முன்பு இருந்த ரப்பர் தோட்டத்து ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒருவரும் முழுதாகப் படிக்கவில்லை. கைகூப்புகிற படங்களும் அணைந்த விளக்குகளும் வந்து விழுந்தன. எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார். அனுப்பியதே நான்தான் என்று எழுதினேன். அதற்கும் இரண்டு பேர் கைகூப்பினார்கள்.

எங்கள் கடையில் தினமும் டீ குடிக்கிற லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் ஒரு யோசனை சொன்னார். "தம்பி, செத்தவனோட அண்ணன்னு சொல்லிப் போய் நில்லு. மூஞ்சி ஒத்துப்போவும்ல." அன்று வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று எனக்கு நானே அண்ணனாகிப் பார்த்தேன். என் தம்பி ரொம்ப நல்லவன் என்று மலாயில் சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மனைவி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதைப் பார்த்து அழுகிறாள் என்று நினைத்தேன்.

நல்ல வேளை, அந்த ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்தில் இலவசச் சட்ட உதவி முகாம் நடந்தது. அங்கே ஒரு பெண் வழக்கறிஞர், தோட்டத்துப் பிள்ளைதான், ஊர்க் கடைக்காரர்களின் சிக்கல்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நோட்டீஸை நீட்டினேன். இறந்தவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார். சிரிப்பை அடக்க அவர் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

உயிரோடு இருக்கிறேன் என்று சத்தியக் கடிதம் எழுதி முத்திரை வாங்கட்டுமா என்று கேட்டேன்.

"அண்ணே, ஒங்க ஐசி அட்டைய எடுத்துக்கிட்டு நீங்களே போய் நில்லுங்கலா. அதவிடப் பெரிய சத்தியம் எது?"

லோரி அண்ணன் சொன்ன யோசனையைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. இப்போது நடந்திருப்பது பார்த்தவர் கண் செய்த தப்பு, நீங்கள் பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுதான் குற்றம், அதற்கு நானும் வர முடியாது என்றார். நோட்டீஸ் என்பது தீர்ப்பு இல்லை, பதில் சொல்லக் கொடுக்கிற வாய்ப்பு. கெடு முடியும்வரை படுத்திருக்காமல் நாளைக்கே போங்கள். அங்கே கேட்டதற்கு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். புரியாத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அப்படியே உங்கள் வீட்டு அக்காவைத் துணையாளாகப் பதியுங்கள் என்று விளக்கினார். எழுந்திருக்கும்போது மெதுவாக, "மொதல்ல அந்தப் பூவ எடுங்கண்ணே" என்றார்.

திங்கட்கிழமை நானும் மனைவியும் கழக அலுவலகத்துக்குப் போனோம். முகப்பில் இருந்த பெண் கணினியில் தேடிவிட்டு, இறந்தவருக்கு நீங்கள் யார் என்று கேட்டாள். நான்தான் அவர் என்று மலாயில் சொல்லி அடையாள அட்டையை வைத்தேன். அவள் ஐசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அந்த இளம் அதிகாரியே வெளியே வந்தார். என்னைக் கண்டதும் கால் நின்றுவிட்டது. பிறகு நல்ல தமிழில் பேசினார். சுங்கை லாலாங் தோட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவராம்.

"அண்ணே, படத்துக்குப் பூ போட்டு விளக்கு வெச்சா செத்தவங்கதானே? எங்க பக்கத்து வீட்டு ஆயா சொல்லிக் கொடுத்ததுலா."

தப்பு அவர் மேல் இல்லை. அவர் எங்களைச் சரியாகத்தான் படித்திருந்தார். எங்களிடம்தான் கொஞ்சம் கூடுதலாகப் பக்தி இருந்தது. அன்றைக்கு எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டார். செமிலிங், தேங்காய், இவள் பதியாத ஆள் என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். வேர்வை காலர் வரை வந்துவிட்டது. அவர் நோட்டீஸை வாங்கிக் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"அன்னைக்கு நீங்க செத்துப்போயிருந்தீங்க. செத்தவருக்கு எப்படிச் சம்மன் போடறது? இன்னொரு தடவை சாவக் கூடாது, சரியா?"

அன்றைக்கே மனைவியின் பெயரைப் பதிந்தோம். அதற்குப் படம் வேண்டும் என்றதும், தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு போய், படக்கடைக்காரர் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் சிரித்துக்கொண்டே எடுத்து வந்தாள். அவளுடைய துணையாள் அட்டையையும் என் லைசன்ஸையும் அதே தங்க விளிம்புச் சட்டத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பழைய ஆணியிலேயே மாட்டினோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம்போலப் பூச்சரத்தோடு வந்தாள். பிள்ளையாருக்குப் போட்டாள், முருகனுக்குப் போட்டாள், லட்சுமிக்குப் போட்டாள். மிச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு சட்டத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதைத் தன் கொண்டையில் சொருகிக்கொண்டு வாணலிக்குப் போய்விட்டாள்.

"என்னா, இன்னைக்கு எனக்குப் பூ இல்லையா?" என்று கேட்டேன்.

"நானும் அதுல இருக்கேன்லா" என்றாள்.