பேத்திக்கு நான் பொறுக்கிய ஜோடி

பேத்தி கராத்தே பழகத் தொடங்கி இரண்டு மாதம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மாத்தளையில் ஒரு மண்டபத்தில் பல இடத்துப் பிள்ளைகளும் கூடி, மாஸ்டர் இல்லாமல் சும்மா மோதிப் பார்ப்பார்களாம். தானும் போக வேண்டுமென்று நின்றாள். அது எப்படிப்பட்ட இடமென்று பார்த்து வரச் சொல்லி, மகள் என்னையும் கூடவே அனுப்பினாள்.

பேத்திக்கு எதிரே கறுப்புப் பட்டி கட்டிய ஒரு பெண் வந்து நின்றாள். லொறி மாதிரி உடம்பு.

"ஏம்மா, இவ ஒன் ஒரு கைக்குக் காணுமா? இவ சைசுல ஒரு புள்ளயப் பாத்து விடுங்க" என்றேன்.

சிரித்துக்கொண்டே ஒதுங்கினாள். புதிதாகச் சேர்ந்த இன்னொரு மெலிந்த பிள்ளையை நிறுத்தினார்கள். எனக்கு நிம்மதி. இரண்டும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கையை வீசின. பேத்தியின் மூக்கில் இரத்தம்.

லொறிக்காரிதான் ஐஸ் கட்டியோடு ஓடி வந்தாள். "அம்மாச்சி, எங்களுக்கு அடிய நிப்பாட்டத் தெரியும். புதுசா வந்ததுங்களுக்கு அடிக்க மட்டுந்தான் தெரியும்."

இரத்தம் நின்றதும் பேத்தி அவளோடு மோதினாள். அந்தப் பெரிய கை ஒவ்வொரு தடவையும் கன்னத்தருகே வந்து அப்படியே நின்றது.

வீட்டில் மகள் வீங்கிய மூக்கைப் பார்த்தாள். "இனி அனுப்புறதா, இல்லையா?"

"அனுப்பு. ஆனா பெரிய ஆளுங்களோட மட்டும் சண்ட போடட்டும்."

"ஒங்களுக்கும் தலையில அடி பட்டுச்சாம்மா?"

எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. பத்திரமென்று நான் பொறுக்கிக் கொடுத்த ஜோடியால்தான் இரத்தம் வந்தது. ஆனாலும் அடுத்த ஞாயிறு அந்தப் பெரிய கை ஓங்கும்போது கண்ணைத் திறந்து வைத்திருப்பேனா என்று கேட்டால், சொல்லத் தெரியவில்லை.