குரோட்டன்ஸில் ஒட்டிய திருநீறு

காலையில் குளித்துவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டதும், விரலில் ஒட்டிய மிச்சத்தை எங்காவது துடைத்தாக வேண்டும் எனக்கு. வேட்டியில் துடைத்தால் மனைவி ஒரு பார்வை பார்ப்பாள். அதனால் கண்ணில் படுகிற இலையில் துடைத்துவிட்டு, நல்ல பிள்ளை மாதிரி வேலைக்குக் கிளம்பிவிடுவேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் போத்தல் தண்ணீரில் ஒரு மணி பிளாண்ட் இருந்தது. வாசலில் பால்மாவு டின்களில் அவள் வளர்த்த குரோட்டன்ஸ் இருந்தது. எழுபதுகளில் பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு பிளாட்டின் எட்டாவது மாடியில் குடியிருந்தோம். நான் போர்ட்டில் கிராணி, கூலியாட்களைக் கணக்கெடுத்து வேலை வாங்கும் குமாஸ்தா. ஏழு வயதில் ஒரே மகள்.

ஆகவே குரோட்டன்ஸ் கணுக்களில் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தபோது, அது என் கைவண்ணம்தான் என்று பேசாமல் இருந்துவிட்டேன். கேட்டுத் திட்டவும் வீட்டில் ஆள் இல்லை. மனைவியைக் காசநோய் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் கீழே புல்லில் போய் நிற்போம். அவள் மாடி ஜன்னலுக்கு வருவாள். அத்தனை உயரத்தில் முகம் சரியாகத் தெரியாது. பிள்ளையைத் திரும்பி நிற்கச் சொல்லிச் சைகை காட்டுவாள், இடுப்பு வரை தொங்கும் சடையைப் பார்ப்பதற்கு. அதைப் பார்த்த பிறகுதான் கையசைப்பாள்.

மற்ற நாட்களில் வேலை முடிந்து நான் மட்டும் மேலே போவேன். எப்போதும் அதே கேள்விகள்தான். "பிள்ளை சடை எப்படி இருக்கு? செடிங்க எப்படி இருக்கு?" என்னை விசாரிக்க மாட்டாள். நான்தான் எதிரே நிற்கிறேனே.

"எல்லாம் நல்லா இருக்கு லா," என்பேன்.

அவள் திரும்பி வரும்போது இரண்டையும் அப்படியே அவள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வைராக்கியம். திரும்பி வருவாளா என்ற பயத்தை வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் தண்ணீர் ஊற்றும்போது திருநீறு நகர்ந்தது. குனிந்து பார்த்தால், பஞ்சு போர்த்திய சின்னஞ்சிறு பூச்சிகள். இலையெல்லாம் பிசுபிசுப்பு. தண்டில் எறும்பு வரிசை. அதே வாரம் மகளும் தலையைச் சொறிந்துகொண்டே பள்ளியிலிருந்து வந்தாள்.

பக்கத்து வீட்டுச் சீன அக்கா எட்டிப் பார்த்தார். செடியைக் காட்டி, "கூத்து," என்றார். பிறகு மகளின் தலையைக் காட்டி, "இத்து பொன் கூத்து," அதுவும் கூத்துதான் என்றார். மலாய் மொழியில் பேனுக்கும் செடிப்பூச்சிக்கும் ஒரே பெயர். நம் காதில் அது கூத்து என்று விழும். என் வீட்டில் நடந்துகொண்டிருந்ததும் அதுதான். அக்கா இரண்டுக்கும் ஒரே வைத்தியம் சொன்னார். "போத்தோங் லா." விரல்களைக் கத்தரி மாதிரி ஆட்டிக் காட்டினார். வெட்டிவிட்டால் தொல்லை விட்டது, மறுபடி வளர்ந்துவிடும். நியாயமான யோசனைதான். ஆனால் ஜன்னலில் நிற்பவள் எதைப் பார்த்துக் கையசைப்பாள்?

வெட்டவில்லை. சாயங்காலம் வந்ததும் மகளை உட்காரவைத்து, தேங்காயெண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தேய்த்து, பேன்சீப்பால் வாரி, ஈரை நகத்தில் வைத்துக் குத்துவேன். அது முடிந்தால் செடி. சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்து இலையின் அடிப்பக்கத்தையும் துடைப்பேன். கணுவுக்குள் ஒளிந்திருப்பதைக் குச்சியில் சுற்றிய பஞ்சால் ஸ்பிரிட் தொட்டு எடுப்பேன். முதல் நாள் தாராளமாக ஊற்றி இலை கருகிப்போனதில் வந்த புத்தி அது. பூச்சி விடும் பிசுபிசுப்புக்கு வரும் எறும்பு ஏறாமலிருக்க டின்களைத் தண்ணீர்த் தட்டுகளில் வைத்தேன்.

"செடிக்கும் இப்படித்தான் வலிக்குமாப்பா?" என்று மகள் கேட்டாள். அது உன்னை மாதிரி கத்தாது என்றேன்.

ஒரு வாரம் இரண்டும் சுத்தமாக இருக்கும். அடுத்த வாரம் இரண்டிலும் மறுபடி வந்துவிடும். கடைசியில் ஒரு நாள் ஆத்திரத்தில் கத்தரியை எடுத்துவிட்டேன். மகள் இரண்டு கையாலும் சடையைப் பிடித்துக்கொண்டாள். "வெட்டிட்டா அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியாதுப்பா," என்றாள். கத்தரியை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "எல்லாத்தையும் துடைச்சீங்க, சரி. எதைப் பார்க்காம விட்டீங்க?" என்றாள்.

பஸ்ஸில் தலையைச் சொறிந்தபடி அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும், தட்டில் தண்ணீர் வைத்த பிறகு எறும்பு எங்கேதான் போகிறது என்று அதன் பின்னாலேயே போனேன். கதவுக்கடியில் நுழைந்து, சுவரேறி, நேராக மணி பிளாண்டுக்குப் போனது. சாமி பக்கத்தில் இருப்பதை என்ன பூச்சி அண்டப்போகிறது என்று நான் அதன் இலையைத் திருப்பியே பார்க்கவில்லை. இலையின் அடியில் குடும்பம் குடும்பமாக இருந்தன. தினமும் காலையில் அதைத் தொட்ட விரலோடுதான் வாசலுக்கு வந்து குரோட்டன்ஸைத் தொட்டிருக்கிறேன். மணி பிளாண்டையும் துடைத்து, என் விரலையும் அடக்கிக்கொண்டேன். குரோட்டன்ஸ் தேறி, நுனியில் சிவப்பாக ஒரு தளிர் விட்டது. மகளின் பேன் மட்டும் போய்ப் போய் வந்தது.

இனி நோய் யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொல்லி மனைவியை வீட்டுக்கு அனுப்பினார். பாதியாக மெலிந்திருந்தாள். வாசலிலேயே நின்று இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, மகளின் சடையை அவிழ்த்து, வகிடு வகிடாகப் பிரித்தாள். ஒன்று அகப்பட்டது. நசுக்கிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு தலையைப் பார்க்காம விட்டீங்க?"

"வீட்டுல வேற யாரு இருக்கா?" என்றேன்.

"இங்க வாங்க."

போர்ட்டில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிற ஆள், அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். அவள் விரல்கள் என் முடிக்குள் போயின. கொஞ்ச நேரத்தில் சிரிக்க ஆரம்பித்தாள். நடுவில் இருமல் வரவில்லை.

"எல்லாம் இங்கதான் குடியிருக்கு," என்றாள். மகள் பேன்சீப்பை எடுக்க ஓடினாள்.

கவலையில்தான் தலை அரிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அழுகை வந்து தோள் குலுங்கியது.

"ஆடாம இருங்க," என்றாள் அவள். "நான் பார்க்கிறேன்ல."